வீட்டில் ஆங்கிலம் பேசியும் மதிப்பெண் ஏறவில்லையே!

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் வசிக்கும் கொங்குநாட்டுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். சீனரை மணந்து அங்கே குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவரின் முதல் மணத்தில் பிறந்த மகளுக்கு 16 வயது. அரசு உயர்நிலைப் பள்ளியில் ‘காவோ அர்’, அதாவது நம் கணக்கில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஆண்டு ஜூனில் காவோகாவோ, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. கடைசி மாதத் தேர்வில் ஆங்கிலத்தில் 150க்கு 84. ‘இரண்டு வருடமாக அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். சனி, ஞாயிறுகளில் ஆங்கிலத் தொடர்கள் பார்க்கிறோம். தினமும் 50 சொற்கள் மனப்பாடம் செய்கிறாள். ஆனாலும் கேட்டல் பகுதியில் 30க்கு 16.5தான். கடைசி வாசிப்புப் பத்திக்கு நேரமே இருப்பதில்லையாம். ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். கோவையில் கல்லூரி விரிவுரையாளராக இருக்கும் என் தங்கையைக் கொண்டு இணைய வகுப்பு வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, கட்டணம் தருவதாகவும் சொல்கிறார்கள். பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்க்கவும் தயக்கம். அவள் என்னை ஆயீ (சீனத்தில் அத்தை, சித்தி போன்ற பொதுச்சொல்) என்றுதான் கூப்பிடுவாள். சித்தி அதிகம் தலையிடுகிறாள் என்று நினைத்துவிடுவாளோ?’ பெயர், ஊர், பள்ளி விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மதிப்பெண் தாளின் படத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் ‘நிறையக் கேளுங்கள், நிறையப் படியுங்கள்’ என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிவைத்திருப்பேன். அந்தப் பெண் ஏற்கெனவே நிறையத்தான் செய்கிறாள். கோளாறு எங்கே என்று தாளே காட்டுகிறது.

ஜியாங்சு மாணவர்கள் எழுதுவது தேசிய வினாத்தாள் 1. அதற்கு 120 நிமிடம், 150 மதிப்பெண். கேட்டலில் 20 வினாக்கள், தலா 1.5, ஆக 30. வாசிப்பில் ஏ முதல் டி வரை நான்கு பத்திகள், 15 வினாக்கள், தலா 2.5, ஆக 37.5. அதை ஒட்டி, ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொறுக்கி ஒரு கட்டுரையின் இடைவெளிகளை நிரப்பும் ‘சீ ஷுவான் வூ’, அதாவது ‘ஏழில் ஐந்து’ பகுதிக்கு 12.5. மிச்சம் 70 மதிப்பெண், கோடிட்ட இடம் நிரப்பல் இரண்டுக்கும் எழுத்து இரண்டுக்கும் போகிறது. கேட்டல், வாசிப்பு இரண்டும் சேர்ந்த 80இல் உங்கள் மகள் எடுத்தது 44. மற்ற 70இல் 40. பாதிக்குப் பாதி என்று எல்லாப் பக்கமும் சமமாகத் தேங்கியிருப்பதுபோலத் தோன்றும். உள்ளே போய்ப் பாருங்கள்.

கேட்டலில் முதல் ஐந்து வினாவில் 2 சரி. அடுத்த பதினைந்தில் 9 சரி. முதல் ஐந்தும் குட்டி உரையாடல்கள், வகுப்பில் ‘சுலபமான பகுதி’ என்று பெயர் வாங்கியவை. அங்கேதான் அதிகம் சறுக்கியிருக்கிறாள். வாசிப்பில் ஏ பத்தியில் மூன்றுக்கு 2, பி பத்தியில் நான்குக்கு 4, சியில் 2, டியில் 1. ஏழில் ஐந்தில் 2 மட்டும். பி பத்தியில் ஒன்றும் தவறாத பிள்ளைக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று சொல்ல முடியாது. வேகமும் தேர்வின் அமைப்பும்தான் அவளை இழுத்துப் பிடிக்கின்றன.

காது எங்கே தடுக்கி விழுகிறது

முதலில் தேர்வின் நேரக் கணக்கு. முதல் ஐந்து உரையாடல்களும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் 10 விநாடி. அந்தப் பத்துக்குள் விடையைக் குறித்து, அடுத்த வினாவையும் படித்துவிட வேண்டும். 6ஆம் வினாவிலிருந்து நீள உரையாடல்கள், கடைசியில் ஒருவர் மட்டும் பேசும் உரை. இவை இரண்டு முறை ஒலிக்கும். ஒலிக்கும் முன் வினாவுக்கு 5 விநாடி படிக்க, முடிந்தபின் வினாவுக்கு 5 விநாடி குறிக்க. எல்லாம் முடிந்ததும் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 2 நிமிடம்.

இதில் பிள்ளைகள் வீணடிக்கும் நேரம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் விதிமுறைகளும் ஒரு மாதிரி வினாவும் ஒலிக்கும்: சட்டை என்ன விலை? விடை சி, 9 பவுண்டு 15 பென்ஸ். சீனாவில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் அந்தச் சட்டையின் விலையைச் சொல்வார்கள். அந்த அளவுக்குத் தலைமுறைக் கேலியாகிவிட்ட வரி. விலை தெரிந்த சட்டைக்கு மறுபடி காது கொடுப்பானேன்? அது ஓடும்போதே முதல் ஐந்து வினாக்களையும் அவற்றின் மூன்று மூன்று விடைகளையும் படித்து முடித்துவிட வேண்டும். வினாவில் ‘ஆண்’ என்று இருக்கிறதா ‘பெண்’ என்று இருக்கிறதா என்பதை வட்டமிட வேண்டும். ‘எங்கே’, ‘எப்போது’, ‘ஏன்’ என்ற சொல்லின் கீழ்க் கோடிட வேண்டும். முதல் ஐந்தில் அவள் இழந்தவற்றை மீட்க, மொழியறிவு கூடுவதற்கு முன்பே, இந்தப் பழக்கம் ஒன்று உதவும்.

ஆண், பெண் என்று வட்டமிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீனப் பேச்சில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான்: ‘தா’. எழுத்தில்தான் வேறுபாடு. ‘ஹீ’, ‘ஷீ’ என்று கேட்டவுடன் ஆளைப் பிரித்து நினைவில் வைக்கும் பழக்கம் சீனக் காதுக்குத் தானாக வராது. ஆண் சொன்னதைப் பெண் சொன்னதாகக் காட்டும் விடை அங்கேதான் மாட்டிவைக்கும்.

அடுத்து, விட்ட வினா. ஒன்று காதில் விழவில்லையென்றால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். விட்டதையே யோசித்துக்கொண்டிருந்தால் 10 விநாடி போய்விடும், அடுத்த வினாவைப் படிக்காமலே அடுத்த உரையாடல் வந்துவிடும். ஒன்று மூன்றாவது இப்படித்தான். அவளிடம் கேட்டுப் பாருங்கள், தவறிய மூன்றும் அடுத்தடுத்த வினாக்களா என்று.

கேட்ட சொல் விடையில் இருக்கிறதே என்று குறித்துவிடுவது இன்னொரு பொறி. உரையாடலில் மூன்று நேரங்கள் சொல்லப்பட்டால் மூன்றும் விடைகளாக நிற்கும். உண்மையான விடை பெரும்பாலும் ‘பட்’, ‘ஆக்சுவலி’, ‘ஐயம் அஃப்ரெய்ட்’, ‘இன்ஸ்டெட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் வரும். ‘ஐ வுட் லவ் டு’ என்று கேட்டவுடன் ‘வருவாள்’ என்று குறிப்பவர்கள் பலர். அந்த வாக்கியம் பெரும்பாலும் ‘வர முடியாது’ என்பதற்கான மரியாதையான முன்னுரை.

நீங்கள் வீட்டில் பேசும் ஆங்கிலம் ஏன் இதற்கு உதவவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் வருந்த வேண்டாம், அது வீண்போகவில்லை. வாய் திறக்கும் துணிச்சல் அவளுக்கு அதனால்தான் வந்திருக்கும். ஆனால் நம் ஊர் ஆங்கிலத்தில் நாம் ஒவ்வோர் அசையையும் முழுசாக உச்சரிக்கிறோம். ‘கம்-ஃபர்-ட-பிள்’ என்று நான்கு அசை. தேர்வு ஒலிப்பதிவில் வரும் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்கள் ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்றில் முடித்துவிடும். நீங்கள் தெளிவாகப் பேசுவதால் அவளுக்கு எல்லாம் புரிகிறது. தேர்வில் யாரும் அத்தனை தெளிவாகப் பேசுவதில்லை.

சீனம் பேசுகிறவர்களுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். மாண்டரினில் அசைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். ஷீ-ஆன் நகரின் பெயரை லத்தீன் எழுத்தில் எழுதும்போது நடுவில் மேற்குறி போடுவார்கள், இரண்டு அசையும் ‘ஷியேன்’ என்று ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக. ஆங்கிலத்தில் நேர்மாறு: மெய்யில் முடிந்த சொல் உயிரில் தொடங்கும் சொல்லோடு கலந்துவிடும். ‘செக் இட் அவுட்’ என்பது ‘செக்கிட்டவுட்’. நமக்குப் பள்ளியில் படித்த புணர்ச்சி இருக்கிறது, மெய்யின்மேல் உயிர் ஏறினால் உயிர்மெய் என்று சொன்னால் போதும். அவளுக்கு அதைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். மாண்டரின் அசைகள் உயிரிலோ ‘ன்’, ‘ங்’ ஒலிகளிலோ முடிவதால் (நாக்கைச் சுருட்டும் ‘ர்’ ஒன்று விதிவிலக்கு), ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ‘ட்’, ‘க்ட்’, ‘ஸ்ட்’ அவள் காதில் தேய்ந்துபோகும். ‘ஆஸ்க்ட் ஹிம்’ என்பது ‘ஆஸ்டிம்’ என்று கேட்கும். ‘கேன்’, ‘கேன்ட்’ குழப்பமும் இதுதான். அமெரிக்கக் குரலில் கடைசி ‘ட்’ விழுங்கப்படும். அதைத் தேடக் கூடாது. அழுத்தமாக ‘கேன்’ என்று விழுந்தால் பெரும்பாலும் ‘முடியாது’, ‘கன்’ என்று அவசரமாகத் தேய்ந்தால் ‘முடியும்’.

வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம்

இந்தக் காதைப் பழக்க, சீன ஆசிரியர்கள் ‘ஜிங் திங்’ என்று சொல்லும் நுண்கேட்டல்தான் வழி. இரவு பத்து மணிக்கு மாலைப் படிப்பு முடிந்து வரும் பிள்ளையை அப்போது உட்காரவைக்காதீர்கள். சனி, ஞாயிறு தவிர வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் போதும்.

பழைய உண்மைத் தேர்வுத் தாளிலிருந்து, ‘ஜென் தீ’ என்று விற்பதிலிருந்து, ஒரே ஒரு நீள உரையாடலை எடுங்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடும். முதலில் தேர்வுபோல வினாக்களுக்கு விடை குறிக்கட்டும், ஆனால் விடையைச் சரிபார்க்க வேண்டாம். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை எழுதட்டும். ஒரு வாக்கியத்துக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. பிடிபடாத இடத்தைக் கோடிட்டு விட்டுவிடட்டும். அடுத்து எழுத்துப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். பயிற்சியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மூன்றில் ஓர் எண்ணைப் போட வேண்டும். 1: அந்தச் சொல்லே தெரியாது. 2: எழுத்தில் பார்த்தால் தெரியும், ஒலியில் தெரியவில்லை. 3: கேட்டது, ஆனால் பொருள் வருவதற்குள் பேச்சு தாண்டிவிட்டது.

மருந்து மூன்றுக்கும் வேறுவேறு. 1க்குச் சொற்பயிற்சி. 2க்கு அந்தத் துண்டை மட்டும் குரலோடு சேர்ந்து, நிழல்போல அரை விநாடி பின்தொடர்ந்து பத்து முறை சொல்வது. எழுத்தைப் பார்த்து வாசிப்பது கணக்கில் சேராது. 3க்குப் புதுப் பாடம் தேவையில்லை, ஏற்கெனவே முழுதாகப் புரிந்த பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் வேகம் தரும். காலையில் அவள் சாப்பிடும் ஆறு நிமிடத்தில் முந்தின வாரத்துப் பதிவை ஓடவிடுங்கள். எட்டு, பத்துப் பதிவுகள் முடிந்தபின் எண்களைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் மகளின் விடைகளைப் பார்த்தால் 2தான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் தினம் 50 சொல் மனப்பாடம் கேட்டலுக்கு ஏன் உதவவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிடும்: அந்தச் சொற்களை அவள் கண்ணால் மட்டும் படித்திருக்கிறாள்.

காதில் மாட்டும் இயர்போன் வேண்டாம். தேர்வு அறையில் ஒலிபெருக்கிதான். காதுக்குள் ஒலித்துப் பழகியவர்களுக்கு, மின்விசிறிச் சத்தத்துக்கும் பக்கத்து மேசை இருமலுக்கும் நடுவே அறையின் மூலையிலிருந்து வரும் குரல் அந்நியமாக இருக்கும். கூடத்தின் எதிர்ப்பக்கம் ஒரு சிறிய ஸ்பீக்கரை வையுங்கள்.

ஆங்கிலத் தொடர்கள் பற்றி ஒரு வார்த்தை. சீன எழுத்து கீழே ஓடினால் அவள் சீனம் படிக்கிறாள், ஆங்கிலம் பின்னணி இசை. பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகட்டும், பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

நம் இரு மொழிகளுக்கும் பொதுவான சறுக்கல் ஒன்றும் உண்டு. ‘நீ போகலையா?’ என்றால் நாம் ‘ஆமா, போகலை’ என்போம். சீனரும் அப்படித்தான், கேட்டவர் சொன்னதை ஆமோதிப்பார்கள். ஆங்கிலத்தில் போகாதவர் சொல்வது ‘நோ’. ‘டிடன்ட் யூ கோ?’ ‘நோ’ என்று வந்தால் போகவில்லை. இதை நீங்களே சொல்லித்தர முடியும், அதுவும் மற்ற யாரையும்விட நன்றாக.

வாசிப்பு: சொல் போதாமையா, சொல்லின் ஒரு பொருள் போதாமையா?

பாடத்திட்டத்தின் சொற்பட்டியலில் நடுநிலைப் பள்ளிக்கு 1,500, உயர்நிலையின் கட்டாயப் பாடத்துக்கு 500, தெரிவுக் கட்டாயப் பாடத்துக்கு 1,000, ஆக 3,000 சொற்கள். தினம் 50 வீதம் புரட்டினால் இரண்டு மாதத்தில் பட்டியலே முடிந்துவிடும். ஆகவே எண்ணிக்கையைப் பற்றிய கவலையை விடுங்கள். சொற்புத்தகம் ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் கொடுக்கிறது. தாளில் அந்தச் சொல் வேறு வேடத்தில் வருகிறது. சீன ஆசிரியர்கள் இதை ‘ஷூ த்ஸு ஷெங் யீ’ என்பார்கள்: பழகிய சொல், பழகாத பொருள். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று மட்டும் தெரிந்தவளுக்கு ‘அட்ரஸ் எ ப்ராப்ளம்’ புரியாது. ‘சப்ஜெக்ட்’ டி பத்தியில் பாடமாக இருக்காது, ஆய்வுக்கு உட்பட்ட ஆளாக இருக்கும். ‘பேப்பர்’ ஆய்வுக் கட்டுரை. ‘கவர்’ தூரத்தைக் கடப்பது, செய்தி சேகரிப்பது, செலவை ஈடுகட்டுவது. ஐம்பதைப் பதினைந்தாகக் குறையுங்கள். அந்தப் பதினைந்தையும் பட்டியலிலிருந்து எடுக்காமல் அவள் தவறவிட்ட பத்திகளிலிருந்து, அந்த வாக்கியத்தோடு எடுத்து எழுதட்டும்.

டி பத்திக்கு நேரம் இல்லாததற்கு, அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் சீனத்தில் பெயர்ப்பது காரணமாக இருக்கலாம். உதட்டையோ பேனா முனையையோ பாருங்கள். முன்னும் பின்னும் போய் வந்தால் அதுதான். இங்கே தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் அடையை முன்னால் வைக்கிறோம். சீனத்திலும் அப்படியே, ‘நேற்று வந்த’ முதலில், பையன் பிறகு. ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், அவன் எந்தப் பையன் என்பது பின்னால் வால்போல நீளும். பெயர்த்துப் படிப்பவர் வால் முடியும்வரை போய், திரும்பி வந்து, பையனுக்கு முன்னால் அதைப் பொருத்த வேண்டும். முப்பது சொல் வாக்கியத்தில் இப்படி இரண்டு வால் இருந்தால் நேரம் இரட்டிப்பாகிறது. பயிற்சி இது: ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’, ‘வேர்’ வரும் இடத்திலும், ‘இன்’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் நீண்ட தொடருக்கு முன்னாலும் ஒரு சாய்கோடு. பின்னால் வருவதை ‘எந்தப் பையன்? இந்தப் பையன்’ என்று வரும் வரிசையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். முதன்மை வினைச்சொல்லைக் கட்டம் போட வேண்டும். நாளுக்கு நான்கு நீள வாக்கியம், பத்து நிமிடம். மூன்று வாரத்தில் கோடு போடாமலே கண் வெட்டிப் படிக்கத் தொடங்கும்.

தேர்வில் நேரப் பங்கீட்டையும் எழுதிக்கொடுங்கள். ஏ பத்தி அறிவிப்பு, கால அட்டவணை, விளம்பரம் போன்றது. முழுதும் படிக்க வேண்டியதில்லை, வினாவை எடுத்துக்கொண்டு தேடிப் போனால் போதும்: 5 நிமிடம். பிக்கு 6, சிக்கு 8, டிக்கு 9, ஆக 28. ஏழில் ஐந்துக்கு 8. அவள் பி பத்தியை நான்குக்கு நான்கு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம், 10 நிமிடத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பாள். கேட்டலுக்கு ஏறக்குறைய 20 நிமிடம் போய்விடுகிறது; அதற்கு மேல் வாசிப்பில் நேரம் தவறினால் கடைசியில், கொடுத்த கதையைத் தொடர்ந்து எழுதும் 25 மதிப்பெண் வினாதான் பலியாகும்.

பத்திக்கு முன் வினாவின் தலைப்பகுதியை மட்டும் படிக்க வேண்டும், நான்கு விடைகளையும் படித்துவிட்டுப் போனால் மூன்று பொய்களைத் தலையில் சுமந்துகொண்டு பத்திக்குள் நுழைகிறாள். கேட்டலில் விடைகளை முன்பே படிக்கச் சொன்னேன், வாசிப்பில் கூடாது என்கிறேன், முரண் இல்லை. அங்கே ஒலி ஓடிவிடும், இங்கே எழுத்து ஓடாது. விவர வினாக்கள் பெரும்பாலும் பத்தியின் வரிசையிலேயே வரும், தலைப்பு, மையக்கருத்து வினா கடைசியில் நிற்கும்.

தவறிய விடைகளுக்குப் பெயர் வையுங்கள்

சீனப் பள்ளிகளில் ‘ட்ஸுவோ தீ பென்’ என்ற தவறேடு வைப்பார்கள். உங்கள் மகளும் வைத்திருப்பாள். வினாவை வெட்டி ஒட்டி, சரியான விடையைச் சிவப்பில் எழுதியிருப்பாள். அழகாக இருக்கும், பயன் குறைவு. சரியான விடை எது என்பதைவிட, தவறான விடை தன்னை எப்படி ஏமாற்றியது என்பதைத்தான் எழுத வேண்டும். இதற்கும் ஆசிரியர்களிடம் வழக்கமான நாலெழுத்துப் பெயர்கள் உண்டு. ‘ஜாங் குவான் லீ தாய்’: ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மேல் ஏற்றிய விடை. ‘வூ ஜோங் ஷெங் யோ’: இல்லாததை உண்டாக்குவது, உலக அனுபவத்துக்குச் சரி, ஆனால் பத்தியில் இல்லை. ‘யீ பியேன் காய் சுவான்’: ஒரு பகுதியை முழுமையாகக் காட்டுவது, தலைப்பு வினாக்களில் இதுதான் அதிகம். ‘தோவ் ஹுவான் காய் நியேன்’: கருத்தைத் திருட்டுத்தனமாக மாற்றுவது, பத்தியில் ‘சிலர்’ என்றிருக்க விடையில் ‘பலர்’, ‘கூடும்’ என்றிருக்க ‘ஆகும்’. ஒவ்வொரு தவறுக்கும் இந்த நான்கில் ஒரு பெயரும், சரியான விடைக்கு ஆதாரமான வரியின் எண்ணும். இருபது தவறு சேர்ந்ததும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதை அவளே பார்ப்பாள்.

ஏழில் ஐந்து பகுதியில் ஒன்று தவறினால் பெரும்பாலும் இரண்டு போகும், ஒன்றன் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடுவதால். வரிசைப்படி நிரப்பக் கூடாது. இடைவெளிக்கு முந்தின வாக்கியத்தையும் பிந்தின வாக்கியத்தையும் பார்த்து, ‘திஸ்’, ‘தே’, ‘சச்’, ‘ஹவெவர்’, ‘ஆல்ஸோ’ போன்ற ஒட்டுச் சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று தேடி, உறுதியானதை முதலில் போட வேண்டும். பத்தியின் தொடக்கத்தில் இடைவெளி என்றால் அது பெரும்பாலும் தலைப்பு வாக்கியம். முடித்தபின் வெளியே நிற்கும் இரண்டு வாக்கியங்களையும் மறுபடி பொருத்திப் பார்க்க ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சிக்கு எந்தத் தாள்? சந்தையில் மாதிரித் தாள்கள் குவிந்து கிடக்கும். அவற்றில் பலவற்றின் பொய் விடைகள் கூர்மையில்லாதவை, அல்லது தேவையில்லாத குதர்க்கம். உண்மைத் தாள்களையே மூன்று முறை செய்வது மேல். பழைய அமைப்பிலான தேசியத் தாள்களில் பிழைதிருத்தப் பகுதி வரும், அதைத் தள்ளிவிடுங்கள். அவற்றில் வாசிப்பு வினாவுக்கு 2 மதிப்பெண்தான், ஆனால் கேட்டல், வாசிப்பின் அமைப்பு இப்போதும் அதே. பள்ளியில் நடத்தும் யிலின் பதிப்பகப் பாடநூலை அலட்சியப்படுத்த வேண்டாம்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு ஏறும்? கேட்டலில் 11 சரி என்பது 17 ஆனால் 9 மதிப்பெண். நான்கு பத்திகளில் 9 என்பது 12 ஆனால் 7.5. ஏழில் ஐந்தில் இன்னும் இரண்டு என்றால் 5. மொத்தம் 21.5, அதாவது 105ஐத் தாண்டும். இரண்டு பருவத்தில் இது எட்டாத உயரமாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டல்தான் முதலில் நகரும். டி பத்தி கடைசியாக நகரும். முதல் மாதத் தேர்வில் வாசிப்பு மதிப்பெண் கொஞ்சம் இறங்கினாலும் பதறாதீர்கள், மொழிபெயர்க்காமல் படிக்கப் பழகும்போது அப்படி நடக்கும்.

ஜப்பானிய மொழிக்கு மாறலாமா?

உங்கள் கணவர் சொல்வது ஆதாரமில்லாத பேச்சில்லை. காவோகாவோவில் ஆங்கிலம், ரஷ்யம், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆறில் ஒன்றை எழுதலாம், எல்லாவற்றுக்கும் 150தான். ஜப்பானியத்தில் சீன எழுத்துகள் கலந்திருப்பதால் தொடக்கம் எளிது என்று பலர் மாறுகிறார்கள். ஆனால் 40, 50லேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்ட மாணவருக்கு ஒரு கணக்கு, 84 எடுத்து, தவறுகளின் காரணமும் கைக்குத் தெரிந்த பிள்ளைக்கு வேறு கணக்கு. புதிதாக எழுத்து, இலக்கணம், சொல், கேட்டல் எல்லாம் ஒன்றேகால் ஆண்டுக்குள், மற்ற ஐந்து பாடங்களின் நேரத்தைக் கடன் வாங்கிச் செய்ய வேண்டும். இன்னொரு பெரிய விஷயம், சில பல்கலைக்கழகப் படிப்புகள் ஆங்கிலம் எழுதியவர்களை மட்டுமே சேர்க்கின்றன. அவள் விரும்பும் மூன்று நான்கு படிப்புகளின் சேர்க்கை விதிமுறை ஆவணத்தில் மொழி நிபந்தனை இருக்கிறதா என்று கணவரையே பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடக்கூடும். முடியாவிட்டாலும் என் கருத்து மாறவேண்டாம் என்பதுதான்.

கட்டண வகுப்பு

இதில் கவனம் தேவை. உங்கள் தங்கை குடும்பத்துப் பிள்ளைக்குச் சம்பளமில்லாமல் பேசிப் பழக்குவது குடும்ப விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டணம் வாங்கினால் கதை மாறுகிறது. 2021 ஜூலையில் வந்த ‘இரட்டைக் குறைப்பு’ விதிகள் 9ஆம் வகுப்புவரையான பாடப் பயிற்சியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான பாடப் பயிற்சியையும் அதையொட்டியே நிர்வகிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரைப் பயிற்சிக்கு அமர்த்தக் கூடாது என்றும் வெளிப்படையாக இருக்கிறது.

உங்களுக்கான ஆபத்து இன்னும் நேரடியானது. குடும்பத்தோடு வாழ்வதற்காகக் கிடைத்த வசிப்பு அனுமதி வேலை செய்வதற்கான அனுமதி ஆகாது. 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நுழைவு, வெளியேற்ற நிர்வாகச் சட்டப்படி, அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் அபராதம். கடுமையான நிலையில் அதோடு 5 முதல் 15 நாள் காவல். நான்கு பேர் கூடத்தில் உட்கார்ந்து படிப்பதுதானே என்று தோன்றும். பக்கத்து வீட்டில் யாருக்காவது மனக்கசப்பு வந்தால் புகார் ஒரு தொலைபேசி அழைப்புத் தூரம். பணம் வாங்காதீர்கள், பழக்கூடையாக மாதாமாதம் வந்தாலும் தவிருங்கள். கட்டாயம் கற்பிக்க விரும்பினால் முதலில் உள்ளூர் வழக்கறிஞரிடம் உங்கள் அனுமதி ஆவணத்தைக் காட்டுங்கள்.

பள்ளிக்குப் போவது

போங்கள். வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் முதலில் சொல்லிவிட்டு, ஆங்கில ஆசிரியரைப் பாருங்கள்; அங்கே அதுதான் முறை. கணவரோடு போவது நல்லது, ஆனால் அதற்கு முன் அவளிடம் கேளுங்கள்: ‘நான் வரட்டுமா, அப்பா மட்டும் போகட்டுமா?’ அவள் சொல்வதே முடிவாக இருக்கட்டும். அத்தை, சித்தி என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும் அந்த ‘ஆயீ’, நம் பக்கத்தில் சில ஊர்களில் தாயைக் கூப்பிடும் சொல் என்பதையும் எப்போதாவது பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள்.

ஆசிரியரிடம் ‘எப்படிப் படிக்கிறாள்’ என்று கேட்டால் ‘இன்னும் முயற்சி வேண்டும்’ என்ற விடைதான் கிடைக்கும். கடைசி நான்கு மாதத் தேர்வுகளின் வினாவாரியான விடைப் பட்டியலைக் கேளுங்கள். விடைத்தாளை இயந்திரத்தில் திருத்தும் பள்ளிகளில் அது இருக்கும். கையில் வந்ததும் 1 முதல் 5 வரையும் 32 முதல் 35 வரையும் வண்ணப் பேனாவால் வட்டமிட்டு, அவளையே நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த நாட்களில் 25 நிமிடம் ஒதுக்குவது என்பதை அவள் தேர்ந்துகொள்ளட்டும். ஜூன் 8 பிற்பகல் 3 மணித் தேர்வுக்கு 2.45க்குப் பிறகு அறைக்குள் விடமாட்டார்கள், கேட்டல் இருப்பதால் மற்ற பாடங்களுக்கு இல்லாத கண்டிப்பு. அதை மட்டும் இப்போதே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.